விரல் வைத்த வரி

சிவமயம்

ஸ்காபரோ, கனடா,
ஐப்பசி 9

அன்பின் மச்சாள் யோகாம்பிகைக்கு,

நல்லூரான் துணை உம் வீட்டை நீங்காதிருக்கட்டும். 'யாவரும் சுகம்' என்றே எப்போதும் தொடங்குவேன், இம்முறை துணியவில்லை.

உம் அக்கா தையல்நாயகியை ஆவணி முதல் மூன்று தடவை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். எங்களுக்கு ஆங்கிலத்தைத் தமிழாக்குபவன் மகன் முகுந்தன். வைத்தியர் பேசியது ஒரு பதிகம் ஓதி முடிக்கும் நேரம். அவன் எனக்குச் சொன்னதோ, "வயசுக்குரிய பலவீனம்தான் அப்பா, பயப்பிடாதேங்கோ" என்பது மட்டும். ஒரு பதிகத்தின் பொருள் அரை அடிக்குள் அடங்குமா?

வீட்டிலும் குறிகள் கண்டேன். நான் கூடத்துக்குள் நுழைந்தால் மகனும் மருமகளும் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். ஒருநாள் மருமகள் ஒரு கடிதத்தை அரிசி வாளிக்குப் பின்னே செருகினாள். கேட்டால், "பள்ளிக்கூடக் கடிதம் மாமா" என்றாள். உறையில் வைத்தியசாலையின் இலச்சினை இருந்தது. இலச்சினையைப் படிக்க மொழி வேண்டாமே. பெற்ற மகனை ஐயுறுவது பாவமென்று பூசை வேளையில் வருந்துவேன்; பூசை முடிந்ததும் மறுபடி ஐயுறுவேன்.

நேற்று வைத்தியசாலையின் பதிவு மேசையில் பல மொழிகள் அச்சிட்ட ஓர் அட்டை கண்டேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுவோர் தம் மொழியில் விரல் வைக்கலாம் என்று தமிழிலும் ஒரு வரி. முகுந்தன் காரை நிறுத்தப் போயிருந்தான். விரலை வைத்தேன். திரும்பி வந்தவன் முகம் கறுத்து, "என்னப்பா செய்து வச்சிருக்கிறியள்? நான் இருக்கிறன்தானே" என்றான். நீ இருப்பதால்தான் வைத்தேன் என்றேன்.

வைத்தியரின் அறையில் தொலைபேசி வழியே ஒரு பெண் மொழிபெயர்த்தார். "அம்மா, போனமுறை உங்களுக்குத் தனியச் சொன்ன விசயத்தை ஐயா இருக்கேக்கை கதைக்கலாமோ எண்டு டொக்டர் கேட்கிறா" என்றார்.

உம் அக்கா சேலைத் தலைப்பைத் திருத்திக்கொண்டு, "இஞ்சாருங்கோ, கொஞ்சம் வெளியிலை இருங்கோ" என்றாள். நான் அசையவில்லை. மகனைப் பார்த்து, "அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ தம்பி. நான் சொல்லித்தானே இவ்வளவு நாளும் மறைச்சனீ" என்றாள்.

வெளியே முகுந்தன் என் கையைப் பிடித்தபடி இருந்தான். இத்தனை நாளும் அவனைக் கள்வனாக எண்ணியிருந்தேன். எல்லாம் நான் ஆங்கிலம் அறியாத குறை என்றே நொந்திருந்தேன். என்னை வெளியேற்றிய சொற்களோ தமிழ்.

வீடு வந்ததும் உம் அக்கா, "சீனி கொஞ்சம் கூடவாம்" என்று சிரித்தாள். நானும் தலையசைத்தேன்.

மச்சாள், ஞாயிறுதோறும் நீங்கள் இருவரும் தொலைபேசியில் பேசுகிறீர்கள். நான் அருகில் வந்தால் பேச்சு மாம்பழத்துக்குத் தாவுகிறது. உமக்கும் தெரியுமென்றே ஐயுறுகிறேன். நோயின் பெயரை உம்மிடம் கேட்கமாட்டேன். அதை அவளே சொல்ல வேண்டும். என் நெஞ்சுக்குச் சிகிச்சை செய்த நாள் முதல், நான் எதையும் தாங்கமாட்டேன் என்று நினைக்கிறாள். தாங்குவேன் என்று அவளிடம் சொல்லும். அஞ்சுவதானால் இருவருமாக அஞ்சுவோம் என்று சொல்லும்.

உமக்கும் மக்களுக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் வேண்டித் தொழுகிறேன். அவளுக்கு எதை வேண்டுவதென்று அறியாமல் இறைவன் முன் வாய் மூடி நிற்கிறேன். அதையேனும் நீர் எனக்கு அறியத்தாரும்.

இங்ஙனம்,
வே. சதாசிவம்