குடிக்காதவள் கல்லீரல்

செவ்வாய்க்கிழமை, இரவு

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு இருக்கிறதாம். உத்திரமேரூர் டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "குடிப்பீங்களாம்மா?" என்று கேட்டார். குடித்தே ஈரல் கெட்டுச் செத்த மனுஷனுக்கு ஏழு வருஷம் கஞ்சி ஊற்றியவள் நான். "எங்க வூட்டுக்காரரு குடிச்சாரு. நான் மோந்துகூடப் பாத்ததில்லம்மா" என்றேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். ஈரல் அடிபட்டால் அதற்குள் இருக்கும் இந்த என்சைம் ரத்தத்தில் கசியுமாம். எதனால் என்பதை இந்த எண் மட்டும் சொல்லாதாம். முட்டிவலிக்கு ஆறு மாதமாகச் சந்தையில் வாங்கித் தின்னும் பொடியைப் பற்றிச் சொன்னேன்.

"அத இன்னிக்கே நிறுத்துங்க. ஒரு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கலாம். வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்கு யாரையாவது கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து ஓசூரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்தேன்.

"இன்னாம்மா? ஷிப்ட்ல கீறேன்."

"ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்" என்று வைத்துவிட்டேன்.

எதிர்வீட்டு ஸ்டெல்லாவைக் கேட்டால் வருவாள். குழாயடிச் சண்டையில் பேச்சை நிறுத்தியது நான்தான். இரண்டு வருஷமாகிறது. காலையில் போய் அவள் கதவைத் தட்டப்போகிறேன். முதலில் என்ன சொல்வதென்றுதான் இன்னும் தெரியவில்லை.