காப்பை மறைத்த சட்டை

1986 சித்திரை, செவ்வாய் இரவு.

மலேசியாவில் ஒரு திரௌபதி அம்மன் கோயிலுக்குப் பூசாரி வேண்டுமாம். நாளைக்குச் சென்னை விசா ஆபீசுக்கு என் வீட்டுக்காரரை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஊர்த் தீமிதிக்காகப் போன வாரமே அவர் கையில் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டிய பூசாரி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவர் பூசாரியே இல்லை. தாண்டாவிட்டால் விசா இல்லை.

காலையில் முழுக்கைச் சட்டைக்குள் காப்பை மறைத்துக்கொண்டு கிளம்பினார். மத்தியானமே திரும்பிவிட்டார்.

"இட ஒதுக்கீடு கேட்டு உளுந்தூர்பேட்டைல மறியலு. ரோட்ட மறிச்சு உக்காந்துகினு இருக்காங்க. ஒரு பஸ்ஸும் போவல."

"அதுவரைக்கும் போயிப் பாத்தீங்களா?"

"இன்னா கேள்வி இது? சோத்தப் போடு."

மறியல் என்று நேற்றே ஊரெல்லாம் பேச்சு. தெரிந்தேதான் கிளம்பினாரா?

சோற்றைப் பிசைந்தபோது கவனித்தேன். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். மஞ்சள் காப்பு பளிச்சென்று தெரிந்தது.

எங்கே நின்று மடித்திருப்பார்? உளுந்தூர்பேட்டையிலா, ஊர் எல்லையிலேயேவா? எதுவாக இருந்தால் எனக்குச் சந்தோஷம் என்பதும் தெரியவில்லை. பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். அவரும் தூங்கவில்லை.