பச்சையை எடுத்த பிறகு

7, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. ஹட்டன் பஸ்ஸில் என் பக்கத்து ஜன்னல் மூடவில்லை. இடது தோள் முழுக்க நனைந்து, வீடியோ எடிட்டிங் வகுப்பில் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வாங்க: பென் டிரைவ். அப்பாவுக்கு இருமல் மருந்து. தனுவுக்குத் தலைக்குக் கிளிப், பச்சை.

வரும் ஞாயிறு தங்கச்சி தனுவுக்குச் சடங்கு. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அம்மா என் பக்கத்துல நிக்கணும்க்கா. வீடியோவுலயாச்சும்." அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம்தான் போன் கையில் கிடைக்கும். போன வெள்ளி அந்த ஒரு மணி நேரத்தில், நான் சொன்னபடி சுவரில் பச்சைப் படுக்கை விரிப்பைக் கட்டி, போனைச் சாய்த்து வைத்து, கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்து அனுப்பியிருக்கிறாள். பன்னிரண்டு செக்கன். இறம்பொடை அருவியடியில் தனுவை எடுத்தபோது பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டுத்தான் எடுத்தேன். பின்னால் இருக்கும் விரிப்பை எடுத்துவிட்டு அம்மாவை அங்கே நிறுத்த வேண்டும். சடங்கன்று மண்டபத்து டீவியில் போடுவார்கள்.

இன்று வகுப்பில் கம்ப்யூட்டரில் திறந்து, பச்சையாக இருப்பதையெல்லாம் அழிக்கும் கட்டளையைப் போட்டுப் பச்சையை எடுத்தேன். அம்மாவும் போய்விட்டாள்! ஒரு தலை, இரண்டு கை, நடுவில் அருவி.

புடவை. அதே பச்சை.

இது அத்தை ஏற்பாடு. "குடும்பத்துப் பொம்பளைங்க எல்லாம் ஒரே கலர்லதான் நிக்கணும்"னு ஏழு இலைப்பச்சைப் புடவை எடுத்தது. அதில் ஒன்றை, எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கிலிருந்து அந்த ஊருக்கு வேலைக்குப் போன அக்கா கையில் கொடுத்து அனுப்பியது எனக்குத் தெரியாது. அம்மா ஆசையாக அதையே கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். விரிப்பின் நிறத்தைச் சொன்னேன், எதைக் கட்டக்கூடாது என்று சொல்லவில்லை. என் வகுப்புக் கொப்பியில் அதுதான் முதல் பக்கம், முதல் வரி. சிவப்புப் பேனாவால் அடிக்கோடு வேறு.

8, செவ்வாய்
மழை. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.

வகுப்பு எடுக்கும் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். திட்ட மாட்டார், அதுதான் இன்னும் மோசம். "முதல் நாளே சொன்னனான், பச்சைக்கு முன்னால பச்சை நிக்கக் கூடாதெண்டு. சரி, இனி என்ன செய்யிறது? கையால வெட்டும்."

கையால் வெட்டுவது என்றால் ஒவ்வொரு படமாக அம்மாவைச் சுற்றிக் கோடு வரைவது. செக்கனுக்கு இருபத்தைந்து படம். மொத்தம் முந்நூறு. மறுபடி எடுக்கச் சொல்லலாம் என்றால் வெள்ளிவரை அம்மாவிடம் பேச முடியாது. ஞாயிறு சடங்கு.

மாலைவரை முப்பத்தொரு படம். கழுத்து, தோள், முந்தானை. மறுபடி கழுத்து. அம்மா மெலிந்திருக்கிறாள். தோள் எலும்பில் கோடு திரும்புகிற இடம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

அத்தை போன்: "முடிஞ்சிருச்சா? கேக்கு மேல போட எந்தப் படத்தக் குடுக்குறது?"

9, புதன்
நூற்றுப் பதினாறு. பிடிவாதம் என்றால் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம்.

பச்சைத் துணிக்கு முன்னால் நின்றால் தோலிலும் பச்சை படியும். அதை உறிஞ்சி எடுக்க ஒரு கட்டளை இருக்கிறது. போட்டேன். முகம் தெளிந்தது, நெற்றி தெளிந்தது, சந்தோஷம். வலது மணிக்கட்டில் மட்டும் போகவில்லை. அங்கேயும் துணியின் நிறம்தான் என்று நினைத்து இன்னும் கூட்டினேன். பச்சை போய், அடியில் மஞ்சளும் ஊதாவும் நின்றன.

பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் நாலு தடம். கையைத் திருப்புகிற படத்தில் உள்பக்கம் ஒன்று, கொஞ்சம் அகலமாக.

யாரோ பிடித்த கை.

அதற்குமேல் ஒன்றும் வெட்டவில்லை. பஸ்ஸில் ஒரு பெரியம்மா "ஏன் புள்ள அழுவுற"ன்னு கேட்டார். தலைவலி என்றேன்.

10, வியாழன்
அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கத்துவார், பிறகு இருமுவார். அங்கே ஒரு மாற்றமும் நடக்காது.

வகுப்புக்குப் போகாமல், அம்மாவை அனுப்பிய ஏஜென்ட்டிடம் போனேன். பதினொரு மணியிலிருந்து பெஞ்சில். "பொட்டக் இவசன்ன நங்கி." சிங்களத்தில், கொஞ்சம் பொறு தங்கச்சி என்று மூன்று தடவை. ஒன்றரைக்குக் கூப்பிட்டார். படத்தைக் காட்டினேன்.

"அம்மா கம்ப்ளெயின் பண்ணாங்களா?"

"இல்ல. ஆனா கையப் பாருங்க சார்."

பார்த்தார். போனைத் திருப்பித் தந்தார். "வீடியோல கலர் அப்பிடித்தான் தெரியும் நங்கி."

நிறம் படிக்கிறவளிடம் சொல்கிறார். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சொன்னேன்? வழியெல்லாம் அதுதான் ஓடியது. சரிங்க சாராம்.

வகுப்புக்குத் திரும்பி, நூற்றெழுபது வரை.

11, வெள்ளி
அம்மா 2.10க்குப் போன் எடுத்தாள். நான் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், தண்ணீர் கொட்டும் பீலி பக்கம் போய்ப் பேசினேன். சிக்னலும் அங்கேதான்.

"வீடியோ நல்லா இருந்துச்சா? பொடவ எப்பிடி?"

"அழகா இருக்கும்மா. கையில என்னா?"

"கதவு இடிச்சிருச்சு புள்ள."

"கதவுக்கு அஞ்சு வெரலாம்மா?"

அம்மா மெதுவாக: "அப்பாகிட்ட சொல்லிப்புடாத. இன்னும் எட்டு மாசந்தான். பாஸ்போட்டு அவங்ககிட்ட கெடக்கு, நான் எங்கன போவேன்?" அதற்கப்புறம் குரலைச் சரி பண்ணிக்கொண்டு, "தனு பாக்குறதுக்குள்ள அத எடுத்துரு. ஒன்னால முடியுமில்ல? அதுக்குத்தானே படிக்கிற" என்றாள்.

முடியும் என்றேன்.

12, சனி
முந்நூறும் முடிந்தது. சேர் சனிக்கிழமையும் வகுப்பைத் திறந்து வைத்தார், நல்ல மனுஷன்.

கடைசியில் கை. முழங்கைக்குக் கீழே நல்ல தோலிலிருந்து எடுத்து மணிக்கட்டில் பூச வேண்டியதுதான். நாலு நாள் முதுகொடியச் செய்த வேலையில் இதுதான் சுலபம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சிரமமாக இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

சேர் பின்னால் நின்று பார்த்தார். எதை மறைத்தேன் என்று அவருக்குத் தெரியாது. "இந்தக் கிழமை செய்ததில இதுதான் திறம். ஒருத்தரும் கண்டுபிடிக்கேலாது."

அம்மா அனுப்பிய, கையை மறைக்காத வீடியோவை மட்டும் அழிக்கவில்லை. பென் டிரைவில் வேறு பெயரில்.

13, ஞாயிறு
மழை விட்டுவிட்டுப் பெய்தது. மண்டபம் நிறைய ஆட்கள். ஆறு பேர் இலைப்பச்சையில், டீவியில் ஏழாவது. அம்மா அருவியடியில் வந்து நின்று கையை உயர்த்தியதும் அத்தை குலவை போட்டது. தனு எழுந்து டீவிகிட்டே போய் அந்தக் கைக்கு நேராகத் தலையைக் குனிந்து நின்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா வெளியே போய்விட்டார், அழத்தான்.

மூன்று பேர் என் நம்பர் வாங்கினார்கள். அவர்கள் வீட்டிலும் ஆட்கள் வெளிநாட்டில்.

சோறு பத்தவில்லை. கேக் மிச்சம்.

18, வெள்ளி
வெயில், அதிசயம். போர்வை துவைத்துக் காயப்போட்டேன்.

2.05க்கு அம்மாவின் குரல் பதிவு. தண்ணீர்ப் பீலிகிட்டே நின்று கேட்டேன்.

"சடங்கு வீடியோவப் பாத்தேன் புள்ள. கை நல்லா வந்திருக்கு. எனக்கே தெரியல. இனிமே படம் எடுத்தா மொதல்ல ஒனக்குத்தான் அனுப்புவேன். நீ பாத்து சரி பண்ணிட்டு, அப்பறமா தங்கச்சிக்கு அனுப்பு, என்னா?"

அதற்குக் கீழே ஒரு படம் வந்திருக்கிறது. இன்னும் திறக்கவில்லை.