எட்டாம் கூடத்துக் காற்று

பணி நாள் 88 — 07:20
நிலவின் மறுபக்கம், எட்டாம் ஆண்டெனாக் கூடம். தனி ஆள் பணி. பதிபவர் தணிகாசலம், வேதியியல் முனைவர். இப்போதைய வேலை தூசி துடைப்பது.

காற்றழுத்தம் சரி. கரியமில வாயு சரி. மூன்றாம் ஆண்டெனா துடைத்தாயிற்று. முதுகு வலிக்கும் தூக்கமின்மைக்கும் நிறுவனம் தரும் கஞ்சா எண்ணெய்க் குப்பியை வேப் எனும் மின்புகைக் கருவியில் மாட்டி இழுத்துவிட்டுத் தூங்கினேன். மருத்துவர் சீட்டு உண்டு. எழும்போது தலைவலி. சில வாரங்களாக இதே கதை.

தளத் தலைமைக்கு அறிக்கை அனுப்பினேன். தலைமை என்றால் ஹரிஹரன். அவனுடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க என் திருத்தம். நன்றியுரையில் என் பெயர் இல்லை.

பணி நாள் 90 — 13:05
செயற்கைக்கோள் தலைக்கு மேல் வந்தபோது வந்த செய்தி, தள மருத்துவர் ரெஹானாவின் குரல்:

"சார், வேப்பைத் தொடாதீங்க. உங்க குப்பி வந்த தொகுதியைத் திரும்பக் கேக்கறாங்க. செடிக்கு அடிச்ச பூஞ்சைக்கொல்லி எண்ணெய்லயே தங்கிருச்சாம். பேரு மைக்ளோபியூட்டனில். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. தலைவலி, மூச்சு வாங்குறது, படபடப்பு இருக்கான்னு சொல்லுங்க. ப்ளீஸ், வீம்பு பண்ணாதீங்க."

விளக்க வேண்டியதில்லைதான். திராட்சைத் தோட்டத்தில் அடிக்கும் மருந்து. பழத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தால் உடல் தாங்கும். சூடாக்கினால் அது உடைந்து ஹைட்ரஜன் சயனைடு தரும். வேப் என்பதே சூடாக்கும் கருவி. அனுப்புவதற்கு முன் எண்ணெயைச் சோதிக்க ஒரு வேதியியல் ஆள் போதும். நிறுவனத்திடம் ஒருவர் இருந்தார். அவரைத்தான் தூசி துடைக்க அனுப்பிவிட்டார்களே.

வேப்பை அணைத்தேன். மீதிக் குப்பிகளை உறையில் இட்டு மூடினேன். படபடப்பு இருந்தது, கோபத்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

பணி நாள் 91 — 12:50
நேற்று நான் அனுப்பிய செய்திக்கு மதுரையிலிருந்து பதில். தங்கை செண்பகத்தின் கணவர், வழக்கறிஞர் செல்லப்பாண்டி:

"மச்சான், நான் செல்லப்பாண்டி. முதல்ல மூச்சு விடுங்க, அப்பறம் கோவப்படுங்க. குப்பியத் தூக்கிப் போட்டுறாதீங்க, அதுல இருக்க தொகுதி எண் நமக்குச் சாமி மாதிரி. நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருசத்துக்குள்ள போடணும், அதுக்கு நேரம் இருக்கு. வேலை செய்யுற இடத்துல வந்த கேடுன்னு தனியா இழப்பீடு கேக்கலாம். இதே தொகுதிய இழுத்தவுக இன்னும் இருப்பாக, எல்லாரும் சேந்தே வழக்குப் போடலாம். ஆனா ஒண்ணு. பதிலுக்குப் புதுசு தாரோம், இங்க ரேகை வைங்கன்னு வருவாய்ங்க. வச்சீங்க, அம்புட்டுத்தேன். உங்க மூச்சுல எம்புட்டு போச்சுங்கறதுக்கு வேற ஏதாச்சும் சாட்சி இருக்கா?"

இருக்கிறது. கரிப்பெட்டி. கூடத்துக் காற்று முழுவதும் அதன் வழியாகத்தான் போய் வருகிறது. கரியமில வாயுவையும், நான் இழுத்து விட்ட புகையையும் அதே கரிதான் பிடித்து வைத்திருக்கிறது. அதைவிட நல்ல சாட்சியை எந்த நீதிமன்றமும் பார்த்திருக்காது.

பணி நாள் 93 — 10:15
ஓட்டுநரில்லா வண்டி வந்தது. புதிய கரிப்பெட்டி கொண்டுவந்திருக்கிறது. காலி சிலிண்டரைக் கொடுத்தால்தான் புது சிலிண்டர் என்பதைப் போல, பழைய பெட்டியை உள்ளே வைத்தால்தான் புதியதன் பூட்டு திறக்கும். கூடவே திரையில் ஒரு வாசகம்: மாற்றுப் பொருளைப் பெற்றுக்கொண்டேன், இது குறித்து வேறு உரிமை எதுவும் கோரமாட்டேன். கீழே கட்டைவிரலுக்கு ஒரு கட்டம்.

வண்டியில் பதிந்து அனுப்பிய ஹரிஹரனின் குரல்: "சார், கோவிச்சுக்காதீங்க. அது எல்லாருக்கும் போற வாசகம்தான். பெட்டிய மட்டும் மாத்திருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் நல்லதுக்கு. பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்த அன்றும் இதையேதான் சொன்னான்.

வண்டியைத் திருப்பி அனுப்பினேன். தளத்துக்குப் போய்ச் சேர அதற்கு இரண்டரை நாள் ஆகும். சாட்சியைப் பழைய இடத்திலேயே மாட்டினேன். பல மாதங்களுக்குப் பிறகு விசில் அடித்தேன்.

பணி நாள் 95 — 09:40
வேப் தொட்டு ஐந்து நாள் ஆகிறது. தலைவலி போகவில்லை. கூடுகிறது.

இன்று காலை நாக்கில் ஏதோ உலோகச் சுவை. படிக்கட்டில் இரண்டு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. கரிப்பெட்டி மாட்டியிருக்கும் காற்று இயந்திரத்தின் இயக்கப் பதிவைப் பார்த்தேன். தலைவலி வரும் ஒவ்வொரு முறைக்கும் சற்று முன்னால் கரி சுடப்பட்டிருக்கிறது.

இந்தப் பதிவைக் கண்டெடுப்பவருக்கு இதை விளக்கியாக வேண்டும். பெட்டி நிறைந்ததும் இயந்திரம் கரியை இரண்டு கட்டமாகச் சுடும். மிதமான சூட்டில் கரியமில வாயு வெளியே வெற்றிடத்துக்குப் போய்விடும். பிறகு கடுஞ்சூட்டில் ஈரமும் மற்ற கசடும் இரண்டாம் குழாய் வழியாக வெளியேற வேண்டும். அந்த ஈரத்தை வெளியே விட இங்கே எவருக்கும் மனம் வராது. தண்ணீர் அளந்து தரும் இடம் இது. எல்லாக் கூடத்து ஆட்களும் வெளிவாயை அடைத்து, குழாயை அறைக்குள் திருப்பி, ஆவியைக் குளிரவைத்துப் பிடித்துக்கொள்வார்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் மூத்தவர்கள் சொல்லித்தருவது இதைத்தான். அப்படித்தான் நானும் குளிக்கிறேன்.

கரியில் பிடித்த பூஞ்சைக்கொல்லி கடுஞ்சூட்டில் உடைகிறது. வேப் வெறும் விளையாட்டுப் பொம்மை. உண்மையான வேப் இந்த இயந்திரம். அதற்குள்தான் குடியிருக்கிறேன்.

பணி நாள் 95 — 14:30
வெளியே போய் அடைப்பை உடைக்கப் பார்த்தேன். எபாக்சிப் பசை. நான் செய்யும் வேலை எப்போதும் சுத்தம். சுத்தியல்தான் வளைந்தது. உள்பக்கத்தையும் மூடினால் இயந்திரம் சூடேற மறுக்கிறது. சுடாவிட்டால் ஈரக்கரி கரியமில வாயுவைப் பிடிக்காது. சுட்டால் சயனைடு. சுடாவிட்டால் மூச்சுமுட்டல்.

வண்டியைத் திருப்பச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். 'தயவுசெய்து' என்று எழுதினேன். ஹரிஹரனுக்கு.

பணி நாள் 96 — 01:00
ஹரிஹரன்: "வண்டி இப்பதான் தளத்துக்குள்ள வந்துது சார். மின்கலம் மாத்தி உடனே அனுப்பறேன். ரெண்டர நாள். அந்த வாசகத்த எடுத்துட்டேன், ரேகை வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சார்... தாங்குங்க சார்."

அவன் குரல் உடைந்திருந்தது. அவனை வெறுப்பதற்கு இப்போது மூச்சு போதவில்லை.

பணி நாள் 96 — 12:45
வெளி உடையை மாட்டிக்கொண்டு, கூடத்துக் காற்று முழுவதையும் ஒருமுறை வெளியேற்றி, இருப்பிலிருந்து நிரப்பினேன். சில மணி நேரம் தலை தெளிந்தது. இருப்பு அவ்வளவுதான். பிறகு கரியமில அளவு ஏறிச் சிவப்பு விளக்கு எரிந்தது. இயந்திரம் தானாகச் சுட்டது. போர்வைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். அதனால் என்ன பயன்?

செல்லப்பாண்டி: "மச்சான், நாந்தேன் சொன்னேன் ரேகை வைக்காதீங்கன்னு. பெட்டி உள்ள ஓடிக்கிட்டு இருக்குன்னு எனக்கு என்ன தெரியும்? கேஸும் வேணாம் ஒரு மயிரும் வேணாம். உசுரோட வாங்க. செண்பகம் பேசணுங்கறா, அழுதுக்கிட்டே நிக்கிறா, இந்தா—"

செயற்கைக்கோள் மறைந்துவிட்டது. தங்கையின் குரல் வரவில்லை.

பணி நாள் 97 — 13:00
ரெஹானா: "சார், முடிஞ்சா ரத்தம் எடுத்து உடனே உறைய வைங்க. சூட்டுல வச்சா சயனைடு சீக்கிரம் போயிரும், அப்பறம் எதையும் நிரூபிக்க முடியாது. மாத்து மருந்து வண்டில இருக்கு, வந்ததும் போட்டுக்கலாம். முழிச்சே இருங்க சார். ஏதாவது பேசிக்கிட்டே இருங்க."

ஊசி நரம்பில் ஏறவில்லை. மூன்று முறை. தரையெல்லாம் என் ரத்தம், குழாயில் ஒரு துளி இல்லை. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை.

சிவப்பு விளக்கு. இன்னும் சற்றில் மறுபடி சுடும். இன்னொரு முறை தாங்க மாட்டேன். வண்டி வர ஒரு நாள் இருக்கிறது. வெளி உடையில் கரியமில வாயுவை உறிஞ்சும் கருவி ஆறு மணி நேரம்தான் தாங்கும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பணி நாள் 97 — 18:10, உடையின் ஒலிப்பதிவு
வெளியே இருக்கிறேன். இரண்டாம் ஆண்டெனாவுக்குப் பின்னால், நிழலில். மடியில் கரிப்பெட்டி. உள்ளேயே விட்டிருந்தால் அது மறுபடி சுடப்பட்டு, இருப்பதெல்லாம் போய்விடும்.

வெயில் கொதிக்கிறது, இரண்டு அடி தள்ளி. நிழல் உறைபனியைவிடக் குளிர். உடையின் சூடேற்றியை அணைத்துவிட்டேன். பல் கிட்டுகிறது. சரியாகக் கேட்கிறதா?

கண்டெடுப்பவருக்கு. என்னை உள்ளே தூக்கிப் போகாதீர்கள். சூடுபடுத்தாதீர்கள். உடையைத் திறக்காதீர்கள். நானும் ஒரு சோதனை மாதிரிதான், இதைவிடச் சுத்தமான மாதிரி கிடைக்காது. அப்படியே, உறைந்தபடியே, செல்லப்பாண்டியிடம்... இல்லை, ஆய்வகத்துக்கு. மற்றவர்களும் இழுத்திருக்கிறார்கள். மற்றக் கூடங்களிலும் குழாய் உள்பக்கம்தான் திரும்பியிருக்கிறது. அவர்களிடம் சொல்லுங்கள். முதலில் அதைச் சொல்லுங்கள். இன்றைக்கே, சுடுவதற்கு

செண்பகம், நான் இல்லாதபோது என் பெயரில் யாராவது ரேகை கேட்டால்

கால் இருப்பதே தெரியவில்லை. வெளிச்சம் நகர்கிறது. நிழல் சுருங்குகிறது. கடவுளே, வெயில் இந்தப் பக்கம்தான் வருகி