முதல் கைநாட்டு என்னுடையதுதான், சவரி

என் அன்பு மச்சான் சவரி,

நான் சொல்லச் சொல்ல உன் மகள் ஸ்டெல்லா எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் திருத்தித்தான் எழுதுவாள், கோபப்படாதே. பட்டாபிராம் ஸ்டேஷன் ரோட்டில் உன் சாவி ரிப்பேர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற என் கடலை வண்டி இப்போதும் அங்கேதான் நிற்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் அந்த அமெரிக்காக்காரன் கதை. நீ சொன்னதுதான். அன்றைக்கு மழை. கடலை நமத்துப்போய் ஒரு ஆழாக்கு கூட விற்கவில்லை. பூட்டு வராத நேரத்தில் நீ படிக்கும் சட்டப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நீ ஆரம்பித்தாய். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தனுக்கு உத்தியோகம் போட்டார்களாம். உத்தரவுத் தாள் மட்டும் கைக்கு வரவில்லை. நேரே பெரிய கோர்ட்டுக்குப் போனான். 'உன் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் உன்னை நேரே இங்கே வரவிட்ட சட்டமே அரசியல் சாசனத்துக்கு விரோதம், அது செல்லாது' என்றார்களாம்.

"அப்ப வேலை?"

"கெடைக்கல மாமே."

"அடப் போ மச்சான்! அப்பால இன்னாத்துக்குக் கோர்ட்டு?"

"சட்டம் போட்டவனையே 'நீ போட்டது செல்லாது'ன்னு கோர்ட்டு சொல்லலாம்னு அந்தக் கேஸுலதான் நெலச்சுது. அவுங்க சாசனத்துல அப்டி வாயத் தொறந்து எழுதல, ஜட்ஜுங்க படிச்சி எடுத்தாங்க. நம்மள்துல எழுதியே கீது. பதிமூணாவது பிரிவு, அடிப்படை உரிமைய மீறுன சட்டமோ உத்தரவோ செல்லாது. எரநூத்தி இருபத்தாறு, ஐகோர்ட்டாண்ட போய்க் கேளு."

"மொதல்ல கடலையத் துன்னு, அப்பால ஐகோர்ட்டுக்குப் போவலாம்" என்றேன். நமத்த கடலையை மென்றுகொண்டே சிரித்தாய்.

அப்புறம் நம் வரிசைக்கே உத்தரவு வந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் பன்னிரண்டு கடையையும் எடுக்கச் சொன்னார்கள். நீ ஐகோர்ட்டில் போட்ட மனுவில் பன்னிரண்டு பேரும் சேர்ந்தோம். ஒரு மாதம் கழித்து, உத்தரவு போட்ட ஆபீஸிலிருந்து ஒரு ஆள் வந்தான். வழக்கை விட்டால் புது மார்க்கெட்டில் இடம் என்று சொல்லி, வாபஸ் தாளை நீட்டினான்.

நம் வரிசை வழக்கம் உனக்குத் தெரியும். கூழ் ஊற்றுவதானாலும் சரி, மனு கொடுப்பதானாலும் சரி, மூத்தவன் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் வைப்பார்கள். மூத்தவன் நான்.

உன்னிடம் வந்து என்ன சொன்னேன்? "அல்லாரும் வெச்சிட்டாங்க மச்சான். கடசீல நா மட்டும் இன்னா பண்றது?"

"பரவால்ல மாமே. நா ஒத்தன் போதும்" என்றாய்.

பொய், சவரி. முதல் கைநாட்டு என்னுடையதுதான். என்னைப் பார்த்துத்தான் மற்ற பத்துப் பேரும் வைத்தார்கள்.

இந்த இடத்தில் ஸ்டெல்லா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "உங்கள மெரட்டி வாங்கிட்டாங்கன்னு அப்பா சாவுற வரிக்கும் வருத்தப்பட்டாரு மாமா" என்றாள். பிறகு பேனாவை எடுத்து, "ம், சொல்லுங்க" என்றாள். இதையும் எழுது என்றேன்.

நீ போன பிறகு, உன் இடத்தில் அவள் பேரைச் சேர்த்து வழக்கை நடத்தினாள். எங்களைக் கேட்காமல் போட்ட உத்தரவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. உத்தரவு ரத்தானதால் பன்னிரண்டு இடமும் திரும்பக் கிடைத்தது. மறுநாள் முதல் ஆளாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவன் யார் தெரியுமா? நானேதான். எந்த முகத்தோடு போனேன், மச்சான்? அந்த அமெரிக்காக்காரன் மாதிரி உனக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

புது மார்க்கெட் இன்னும் வரவில்லை. ஆனால் நம் வரிசையைக் காலி செய்யச் சொல்லி இன்னொரு உத்தரவு வந்திருக்கிறது. ஸ்டெல்லா மனு எழுதி வைத்திருக்கிறாள். மூத்தவன் வைக்கட்டும் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

நாளைக் காலையில் அவர்கள் முன்னால் முதலில் இந்தக் கடிதத்தை ஸ்டெல்லா படிப்பாள். எல்லாரும் கேட்ட பிறகுதான் விரலை மையில் வைப்பேன். அதற்கப்புறம் யாரும் என்னை மூத்தவன் என்று கூப்பிட வேண்டாம். பின்னால் ஒருத்தரும் வராவிட்டாலும், இந்த முறை வைத்த கையை எடுக்க மாட்டேன், சவரி.

உன்னிடம் பொய் சொன்ன உன் மாமன்,
கோவிந்தன்
(இடது கட்டைவிரல் ரேகை)