மூடியே இருந்த ஜன்னல்

அன்புத் தோழிக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பிள்ளை இப்போதுதான் தூங்கினான். நீ போனை எடுக்கவில்லை. காலையில் இதை உன் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போவேன்.

நம் வாடகைதாரர் சங்கத்துக்கு நிதி தருகிற அறக்கட்டளைக்காரர்கள் இன்று என் வீட்டுக்கு வந்தார்கள். நாம் மாதக்கணக்கில் கத்திய பிறகு, நேற்றுத்தான் எங்கள் கட்டடத்தில் ஹீட்டர் ஓடத் தொடங்கியது. நம் தலைவி ரெனீட்டா முன்னாடியே வந்து ஜன்னலைத் திறந்துவைக்கச் சொன்னாள்.

"ஒரு மணி நேரந்தான்டி. அவங்க குளிரைப் பார்க்க வர்றாங்க."

"ஜெயிச்சுட்டோம்னு சொல்லேன்."

"ஜெயிச்சவளுக்கு எவன் காசு குடுப்பான்? கறுப்புப் பொம்பளை நடுங்கினாத்தான் அவங்க கையெழுத்துப் போடுவாங்க."

நான் திறக்கவில்லை. பிள்ளைக்கு நெஞ்சுச் சளி. வந்த வெள்ளைக்கார அம்மாள் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நல்லா கதகதப்பா இருக்கே. அப்போ பிரச்சினை தீர்ந்துடுச்சு" என்றாள். நான் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டாள். சாயங்காலமே தகவல் வந்தது, இந்த வருஷ நிதி வேறு ஊருக்காம். அதில்தான் இன்னும் ஹீட்டர் ஓடாத உன் கட்டடத்துக்கு வக்கீல் வைப்பதாக இருந்தோம்.

ரெனீட்டா மேல் கோபம், அந்த அம்மாள் மேல் கோபம். என் மேலும் கோபப்பட வேண்டுமா என்றுதான் தெரியவில்லை. இந்த டெட்ராய்ட் பனியில் நீ கேஸ் ஓவன் கதவைத் திறந்துவைத்துக் குளிர்காய்வது இங்கிருந்தே தெரிகிறது. பிள்ளைகள் தூங்குகிற வீட்டில் அது வேண்டாம். நாளையிலிருந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து படு. கூடத்தில் இடமிருக்கிறது. என்னோடு பேசக்கூட வேண்டாம்.

வருகிறாயா என்று மட்டும் சீக்கிரம் பதில் எழுது.

உன் எதிர்க்கட்டடத்துக்காரி