நிக்கோலா நாளுக்கு வந்த ஒருத்தி

கமெனிச்சா,
டிசம்பர் 21

அன்பு மகள் நெவேனாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். சிகாகோவில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ அழுகிறாய், எனக்கு இப்போதெல்லாம் அழுகையே வருவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். விசா விஷயம் முடிந்துவிட்டது. பிரசவத்துக்கு நான் வர முடியாது. ஊழல் செய்தவர்கள் என்று அமெரிக்கா போட்ட தடைப் பட்டியலில் அப்பா பேருக்குக் கீழே, மனைவி என்று என் பேரும் இருக்கிறதாம். தூதரகத்துப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். நானும் சரி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன், பார்த்துக்கொள்.

முந்தாநாள் நம் வீட்டுப் புனிதர் நிக்கோலா நாள். அன்றைக்கு யாரையும் கூப்பிடுகிற வழக்கம் நமக்குக் கிடையாது, கதவைத் திறந்து வைத்தால் வருவார்கள். அப்பா மேயராக இருந்தபோது வாசலில் ஷூ வைக்க இடம் இருக்காது. நான் ஒரு புத்தி கெட்டவள், அதே நினைப்பில் கூடை நிறையக் கெண்டை மீன் வாங்கி வறுத்து வைத்தேன். உன் பெரியப்பாவுக்கு முதுகுவலியாம். பாதிரியாருக்கு ஜலதோஷமாம். பாங்கி மேனேஜர் நம் கணக்கை மூடியதிலிருந்து தெருவில் கண்டாலே எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். அப்பா கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாரும்தான் பணத்தைத் தின்றார்கள், என் பேர் மட்டும் ஏன் என்று மறுபடி ஆரம்பித்தார். எனக்குக் கோபமும் வரவில்லை, பாவமாகவும் இல்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு ரதோய்கா வந்தாள். போன குளிர்காலத்தில் புருஷனை நெஞ்சுவலியோடு பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது வழியிலேயே பறிகொடுத்தாளே, அவள்தான். நம் ஊர் ஆஸ்பத்திரிதான் அப்பா அடிக்கல் நாட்டி, பணமெல்லாம் போன பிறகு, வெறும் தூணாக நிற்கிறதே. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவள் படையலுக்கு வேகவைத்த கோதுமையை ஒரு ஸ்பூன் வாயில் போட்டு, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, அப்பாவிடம் சொன்னாள், “உங்களுக்காக வரல. புனிதருக்காக வந்தேன். ரொட்டி இன்னும் உடைக்கலையா?”

அந்த ரொட்டியை ஒருத்தராகப் பிடித்து உடைக்கக் கூடாது, உனக்குத் தெரியும். அவளும் அப்பாவும் எதிரெதிரே நின்று பிடித்துச் சுற்றி உடைத்தார்கள். தன் பங்கைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அவர் கல்லறைக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அப்பா எல்லாரும் தின்றார்கள் என்று சொல்வதில்லை. மீனை இன்னும் தின்றுகொண்டிருக்கிறோம்.

நீ குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. தடை போட்டவர்களைத் திட்டி அங்கே யாரிடமும் பேசாதே, எனக்கு அவர்கள்மேல் வருத்தம் இல்லை. குழந்தைக்குப் பின்னிய காலுறையைத் தபாலில் போட்டிருக்கிறேன். தாயும் பிள்ளையும் வேறு வேறாக நல்லபடி எழுந்திருக்க நிக்கோலா துணை இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, வலி எடுத்தால் நேரம் பார்க்காமல் கிளம்பு. ஆஸ்பத்திரி உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான் என்றாயே. அதை நினைத்துக்கொண்டுதான் நான் தூங்குகிறேன்.

உன் அம்மா,
விதோசாவா